"வேண்டாம்" என்று பெயரிட்டுப் போன ரிஃப்: கிட்டார் கலைஞரை இழந்தபின் இரண்டாவது ஆல்பம்

அடிநாதம் (சத்துவாச்சாரி)

இந்த இணைய மன்றத்தில் உங்கள் கருத்தைக் கேட்க இதை எழுதத் தொடங்கி மூன்று முறை அழித்துவிட்டேன். வேலூரில் பத்தாண்டுகளாக வாசித்துவரும் ஒரு நால்வர் ராக் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சென்ற ஆடியில் எங்கள் கிட்டார் கலைஞர் காலமானார். எங்கள் மூவரையும்விட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். இரண்டாவது ஆல்பத்துக்கென்று பேசிவைத்திருந்த ஒன்பது பாடல்களில் அப்போது நான்குதான் முழு உருவம் பெற்றிருந்தன; மூன்றுக்குச் சொற்கள் மட்டும் இருந்தன; மீதி இரண்டும் அண்ணனின் விரல்களில்தான் இருந்தன.

மாடியறையை ஒன்பது மாதம் பூட்டியே வைத்திருந்தோம். சித்திரையில் திறந்தபோது கிட்டாரின் ஒலியை மாற்றும் அவருடைய பெடல் பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் கோடு கிழித்து, "மழை", "கோபம்", "கோபம் கம்மி" என்று எழுதிவைத்திருப்பார். தகரக் கூரைச் சூட்டில் பசை உருகி, "கோபம் கம்மி" மட்டும் நழுவிக் குமிழுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதைத் திரும்ப எந்த இடத்தில் ஒட்டுவது என்று மூவருக்குமே தெரியவில்லை.

அண்ணனின் தாயார் அவருடைய பழைய கைபேசியை எங்களிடம் கொடுத்திருக்கிறார். அதில் 31 குரல் பதிவுகள் உள்ளன. "கரண்ட் போனப்ப", "கிரீன் சர்க்கிள் சிக்னல்", "புதுசு 2", "டிரம்ஸ் கேட்டுட்டு சொல்றேன்" என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார். அவற்றில் எங்கள் மூவரையும் எழுந்து உட்காரவைத்த 40 விநாடி ரிஃப் (பாடலுக்கு அடித்தளமாகத் திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் "வேண்டாம்".

என் கேள்விகள் இரண்டு. வேறொரு கிட்டார் கலைஞரைச் சேர்த்து ஆல்பத்தை முடிப்பது முறையா? அவரே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றை நாங்கள் எடுத்துப் பாடலாக்கலாமா?

காட்பாடி சந்திப்பு

தம்பி, உங்கள் அண்ணனின் மறைவுக்கு என் வருத்தங்கள். கோட்டை மைதானத்தில் ஒருமுறை அவர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். கம்பியை இழுத்துச் சுரத்தைத் தொட்டபின் அங்கேயே நில்லாமல் சற்றுத் தாழ்ந்து இறங்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

முதல் கேள்விக்கு ராக் இசையின் வரலாற்றில் பல விடைகள் இருக்கின்றன. 1988 ஜூனில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஹில்லெல் ஸ்லோவாக் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஜான் ஃப்ருஷியான்டேவுக்கு அப்போது 18 வயது; அந்தக் குழுவின் தீவிர ரசிகர். அடுத்த ஆண்டே ஆல்பம் வந்துவிட்டது. டெஃப் லெப்பர்ட் குழு வேறு வழியில் போனது. 1991 ஜனவரியில் ஸ்டீவ் கிளார்க் இறந்தபின் ஆல்பம் முடியும்வரை புதியவர் எவரையும் சேர்க்காமல், மற்றொரு கிட்டார் கலைஞரான ஃபில் காலனே இருவருடைய பகுதிகளையும் வாசித்து "அட்ரினலைஸ்" ஆல்பத்தை 1992 இல் வெளியிட்டார்கள். விவியன் கேம்பல் அதன் பிறகே வந்து சேர்ந்தார்.

ஆனால் எனக்கு உவப்பானது ஆல்மன் பிரதர்ஸ் குழு செய்ததுதான். டூவேன் ஆல்மன் 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்கு 24 வயது. இரண்டு கிட்டார்கள் பின்னிப் பிணைந்து போவதே அந்தக் குழுவின் அடையாளம். இருந்தும் அவர்கள் இரண்டாவது கிட்டாரைத் தேடவில்லை. குழுவின் கிட்டார் கலைஞராக டிக்கி பெட்ஸ் ஒருவரே இருந்தார். சக் லவெல் என்ற பியானோ கலைஞரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1973 இல் வந்த "பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்" ஆல்பத்தில், முன்பு இரண்டாவது கிட்டார் பதில் சொன்ன பல இடங்களில் பியானோ பதில் சொல்கிறது. அந்த இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கவில்லை, நாற்காலியையே மாற்றிவிட்டார்கள்.

நம்மூரைக் கேலி செய்ய ஒரு வழக்கு உண்டல்லவா, ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு அரசன் இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று? ஜலகண்டேஸ்வரர் கருவறை தலைமுறை தலைமுறையாக வெறுமையாகவே இருந்தது. 1981 இல்தான் லிங்கம் திரும்பி வந்தது. அதுவரை அது உங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. காலியாக இருப்பதும் ஓர் இருப்புதான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆம்பூர்ப் பக்கம்

உவமை அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் சாமி திரும்பி வந்தார், கிட்டார் கலைஞர் திரும்பி வரமாட்டார். காலியாக வைத்திருப்பது யாருக்காக?

இரண்டாவது கேள்விக்கு என் விடை சுருக்கமானது. வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறார், எனவே வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால் நீங்கள் அவரோடு சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்கலாம். இப்போது எதிர்த்துப் பேச அவரால் முடியாது என்பதால் நீங்கள் வென்றதாகிவிடாது.

அடிநாதம் (சத்துவாச்சாரி)

ஆம்பூர் நண்பரே, நீங்கள் சொன்னதைத்தான் எங்கள் டிரம்ஸ் தம்பியும் சொல்கிறான். அவனும் நானும் இதைப் பற்றிப் பேசாமல் இரண்டு வாரங்கள் ஓட்டியிருக்கிறோம்.

பேஸ் வாசிப்பவன் என்பதால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது மெட்டாலிக்கா. பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தார். அடுத்து வந்த 1988 ஆல்பத்தில் புதியவரான ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் காதில் விழுவதே அரிது. எல்லா ஒலிகளையும் கலந்து அளவமைக்கும் மிக்ஸிங்கில் அந்த அளவுக்குத் தாழ்த்திவிட்டார்கள். துக்கத்தில் இருக்கும் குழுவுக்குள் புதியவரை அழைத்தால் அவருக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. நாங்கள் ஒரு பையனை வரவழைத்து இரண்டு ஞாயிறுகள் வாசித்துப் பார்த்தோம். நன்றாகத்தான் வாசித்தான். ஒவ்வொரு பாடலும் முடிந்ததும் எங்கள் மூவரின் முகத்தையும் பார்ப்பான். மூன்றாவது ஞாயிறு நானே அவனை அழைக்கவில்லை. அவனுக்கு நாங்கள் இழைத்த அநியாயம் அது என்று இன்றுவரை தோன்றுகிறது.

ஆனால் அதே ஆல்பத்தில் பர்ட்டன் விட்டுச்சென்ற சில ரிஃப்களைக் கொண்டு ஒரு பாடலை உருவாக்கி, ஆக்கியவர்கள் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். விட்டுச்சென்றதை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சென்றதுதான் தொண்டையில் நிற்கிறது.

வழக்காடி

உணர்வுகளைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். எந்தப் பதிவை எடுத்தாலும் நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் அதைச் செய்வதில்லை, பாடல் நன்றாக ஓடத் தொடங்கியபின் மனக்கசப்பில் வந்து நிற்கின்றன.

1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இசைப்படைப்பின் ஆக்கியோன் அதை இயற்றியவரே. சுரக்குறிப்பாக எழுதிவைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கைபேசியில் பதிவாகியிருக்கும் 40 விநாடி ரிஃப்பும் இசைப்படைப்பே. அதன் உரிமை, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அவருடைய வாசிப்பையே ஆல்பத்தில் ஒலிக்கவிட்டால் நிகழ்த்துநரின் உரிமை என்று தனியாக இன்னொன்றும் உண்டு. அது 50 ஆண்டுகள். தாயார் கைபேசியைக் கொடுத்தது அன்பினால். அதை உரிமம் என்று கருதிவிடக் கூடாது.

வாரிசு யார் என்பதிலும் கவனம் தேவை. திருமணமாகாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் தாயார் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்புதான். கிறித்தவராக இருந்தால் 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி தந்தை உயிரோடு இருக்கும்போது சொத்து அவருக்கே போகும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு, எந்தெந்தப் பாடலில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பின், ஆக்கியோனுக்குரிய ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. "நாங்களே பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவதைச் சட்டம் ஏற்காது.

ஒலிமேசை (ராணிப்பேட்டை)

இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவன் என்ற முறையில் சில செய்திகள். அடிநாதம் எனக்குத் தனியஞ்சலில் நான்கு கோப்புகளை அனுப்பியிருந்தார். "வேண்டாம்" அவற்றுள் ஒன்று.

கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலி தானே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். கம்பியை அடிக்கும்போது ஒலியை அழுத்திவிடும், அடுத்த அடிக்குள் இடைவெளி விழுந்தால் மின்விசிறிச் சத்தத்தை மேலே தூக்கிவிடும். இதை முழுமையாக நீக்க முடியாது. நீக்க முயன்றால் கிட்டாரின் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். சீரான தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவி இல்லாமல் வாசித்திருப்பதால் ரிஃப் நிமிடத்துக்கு 92 அடியில் தொடங்கி 97 இல் முடிகிறது. இதை இழுத்துச் சுருக்கிச் சீராக்காதீர்கள். கணினியில் தாளக் கட்டங்களை அவருடைய அடிகளுக்கு ஏற்ப நகர்த்தி அமைத்துவிட்டு, டிரம்ஸ் அதைப் பின்தொடரட்டும். அவர் எந்த இடத்தில் அவசரப்பட்டாரோ அந்த இடத்தில் நீங்களும் அவசரப்பட வேண்டும்.

சுருதியும் அப்படியே. கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ 20 சென்ட் தாழ்ந்திருக்கின்றன. ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட். சூட்டில் எஃகுக் கம்பி நீண்டு தளரும், சுருதி இறங்கும். வெயிலூரில் மே மாதம் பதிவுசெய்தால் வேறென்ன நடக்கும்? அவரை 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு உயர்த்துவதைவிட நீங்கள் மூவரும் அவருக்கு இறங்கிப் போவது எளிது.

(இடையில் ஒன்று: அனுப்பிய படத்தில் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அது உங்கள் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. அவர்கள் இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது அவர்களுடைய நல்ல மனம்.)

"வேண்டாம்" கோப்பை மட்டும் மறுபடி கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது.

பாகாயம் ஆல்ட்டோ

ராக் இசையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாக ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடுகிறேன். இந்த ஊரில் கிட்டார் பிடிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதலில் எங்கள் பின்வரிசையில் நின்றவர்கள்தான்.

நான்கு குரல்களில் ஒரு குரல் வராமல் போகும் ஞாயிறுகள் எங்களுக்கு உண்டு. அப்போது வராதவருடைய வரியை யார் பாடுவது என்று நாங்கள் கேட்பதில்லை. அவர் எந்தச் சுரத்தைப் பிடித்திருந்தார் என்றுதான் கேட்போம். ஸ, க, ப என்ற மூன்று சுரங்களில் பஞ்சமம் விடுபட்டால் காது பொறுத்துக்கொள்ளும். காந்தாரம் விடுபட்டால் பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்பதே தெரியாமல் போய்விடும். எனவே காந்தாரத்தைப் பிடித்த ஆல்ட்டோ வராவிட்டால் டெனர் (ஆண்களின் உயர்குரல்) பாடுபவர் அந்தச் சுரத்துக்கு நகர்வார். அவர் ஆல்ட்டோவாக மாறிவிடமாட்டார், தன் குரலிலேயே நின்று அந்தச் சுரத்தை மட்டும் ஏந்திக்கொள்வார்.

தம்பி, உங்கள் அண்ணன் ஒவ்வொரு பாடலிலும் எந்தச் சுரத்தை ஏந்தியிருந்தார் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். புதியவர் தேவையா, தேவையில்லையா என்பதை ஒன்பது பாடல்களுக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்கவேண்டிய கட்டாயம் ஏன்?

சேண்பாக்கத்தான்

அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ராக் கிட்டாரில் ஒலியைக் கரடாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிவிட்டால் பெரும்பாலும் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான் வாசிப்பார்கள். காந்தாரத்தைச் சேர்த்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரத்துவிடும். எனவே அவர்களுடைய பாடல்களில் காந்தாரம் பெரும்பாலும் பாடகரிடம்தான் இருந்திருக்கும். கிட்டார் போனதால் போயிருப்பது கனம்தான், நிறம் அங்கேயேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏசி/டிசி குழுவையும் யாராவது குறிப்பிட வேண்டும். மால்கம் யங் 2017 நவம்பரில் இறந்தார். 2020 இல் வந்த "பவர் அப்" ஆல்பத்தின் எல்லாப் பாடல்களிலும் ஆங்கஸ், மால்கம் என்ற இரு சகோதரர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இருவரும் சேர்ந்து சேர்த்துவைத்திருந்த துணுக்குகளிலிருந்து ஆங்கஸ் பொறுக்கி எடுத்தவை அவை. அத்துணுக்குகளும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆல்பத்துக்கு "இப்போது வேண்டாம்" என்று ஒதுக்கப்பட்டவையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கம்

"இப்போது வேண்டாம்" என்பதும் "வேண்டாம்" என்பதும் ஒன்றல்ல. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஆக்கியதை இருப்பவர் எடுப்பது வேறு, ஒருவர் தனியாக ஆக்கித் தனியாக ஒதுக்கியதை மற்றவர்கள் எடுப்பது வேறு.

ஒலிமேசை (ராணிப்பேட்டை)

உறுத்தியது என்னவென்று தெரிந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குமேல் ஹெட்ஃபோனில் பதினைந்து முறையாவது கேட்டிருப்பேன்.

அந்த ரிஃப் முழுவதும் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அடிப்பதாக அமைந்திருக்கிறது. ஐந்தாம் கம்பியில் ஒரு சுரம், மூன்றாம் கம்பியில் அதன் மேல்ஸ்தாயி. கிட்டார் வாசிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பிடிதான். இடையில் உள்ள நான்காம் கம்பி ஒலிக்காமலிருக்க அதை விரலால் தொட்டு அடக்கிக்கொள்வார்கள். ஆனால் அடக்கிய கம்பியின் மேல் பிக் (மீட்டும் சில்லு) உரசும்போது "டக்" என்று ஓர் ஒலி வந்தே தீரும். வேகமாக அடித்தால் அதுவே ஒரு சிறு தாளம்போல் கேட்கும். "கரண்ட் போனப்ப" பதிவில் இதே பிடி வருகிறது, அந்த டக்கும் தெளிவாக இருக்கிறது. "வேண்டாம்" பதிவில் அது ஓரிடத்திலும் இல்லை. 26 ஆவது விநாடியில் நான்காம் கம்பிக்கு இயல்பாக இறங்கியிருக்க வேண்டிய கை, மூன்றாம் கம்பியில் மேலே தாவிப் போகிறது.

என் கணிப்பு இது: நான்காம் கம்பி அறுந்துபோன கிட்டாரில், இருக்கும் ஐந்து கம்பிகளோடு வாசித்திருக்கிறார். அந்த விசித்திரமான தாவல்தான் உங்களை எழுந்து உட்காரவைத்திருக்கிறது.

காட்பாடி சந்திப்பு

அப்படியானால் அவர் வேண்டாம் என்றது ரிஃப்பை அல்ல, அந்தப் பதிவை. கம்பி மாற்றியபின் மீண்டும் வாசித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

ஆம்பூர்ப் பக்கம்

அல்லது கம்பி மாற்றி வாசித்துப் பார்த்து, ஆறு கம்பிகளில் அது ஒன்றுமே இல்லை என்று கண்டு பிறகு பெயரிட்டிருப்பார். ஐயா, நமக்குப் பிடித்த விளக்கத்தை அவர் வாயில் வைக்கவேண்டாம்.

அடிநாதம் (சத்துவாச்சாரி)

நான்கு நாள்களாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஒலிமேசை ஐயாவின் பதிவைப் படித்த மறுநாள் அண்ணனின் வீட்டுக்குப் போயிருந்தோம். கிட்டார் பெட்டியைத் திறந்தோம். ஆறு கம்பிகள் இருந்தன; நான்காவது மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தது, மற்ற ஐந்தும் கறுத்திருந்தன. ஆகவே கம்பி மாற்றியிருக்கிறார். மாற்றியபின் வாசித்துப் பார்த்தாரா என்பது அந்தப் பெட்டிக்குள் இல்லை. ஆம்பூர் நண்பர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. காட்பாடி ஐயா சொல்வதையும்தான்.

அண்ணனின் தாயாரிடம் வழக்காடி ஐயா சொன்னதைப் பற்றிப் பேசினோம். சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள். பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதியபோது அவர் அதைப் படிக்கவே இல்லை, காபி ஆறுகிறது என்றார். ஆனாலும் முழுவதையும் வாசித்துக்காட்டிவிட்டுத்தான் கையொப்பம் வாங்கினோம்.

பாகாயம் அம்மா சொன்னபடி ஒன்பது பாடல்களையும் மூவரும் உட்கார்ந்து எழுதினோம். சேண்பாக்கத்து நண்பர் சரியாகவே கணித்திருக்கிறார்: ஏழு பாடல்களில் காந்தாரம் பாடகனிடம்தான் இருக்கிறது. இரண்டில் மட்டும் அது கிட்டாரில் இருந்தது, அவை கிட்டார் இல்லாமல் நிற்கவே நிற்காது. அந்த இரண்டுக்கும் நாங்கள் திருப்பி அனுப்பிய பையனிடமே போய்க் கேட்டோம். "அவர மாதிரி வாசிக்கணுமா, என்ன மாதிரி வாசிக்கணுமா?" என்றான். உன்னைப்போலத்தான் என்று சொன்னபின் ஒப்புக்கொண்டான். மிக்ஸிங்கில் அவனைத் தாழ்த்தமாட்டோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். தாழ்த்தினால் நீங்கள் எல்லோரும் கேட்கலாம்.

"வேண்டாம்" ரிஃப்பை அண்ணனின் பதிவிலிருந்து எடுக்கப்போவதில்லை. டிரம்ஸ் தம்பி அதில் உறுதியாக இருந்தான். கிட்டாரிலும் யாரும் வாசிக்கப்போவதில்லை. என் பேஸில் நான்கே கம்பிகள். அவர் கிட்டாரின் ஐந்தாம் கம்பியில் வைத்த சுரங்களை எடுத்துக்கொண்டு, அந்த 26 ஆவது விநாடித் தாவலை மட்டும் என் கையால் எட்டுமா என்று பார்த்தேன். எட்டவில்லை. பல முறை முயன்றபின் அரைகுறையாக எட்டுகிறது. அது ஆல்பத்துக்குத் தகுந்ததா என்று பதிவுசெய்து கேட்டபிறகு மூவருமாக முடிவுசெய்வோம். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுவது என்று பேசியிருக்கிறோம்.

ஒலிமேசை ஐயா, வரும் சனிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. உங்களுக்கு வசதிப்பட்டால் ஞாயிறு ராணிப்பேட்டைக்கு வருகிறோம்.

ஒலிமேசை (ராணிப்பேட்டை)

ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். டிரம்ஸ் இங்கேயே இருக்கிறது. தோலை மட்டும் மாற்ற வேண்டும். அண்ணனின் பெடல் பலகையையும் கிட்டாரையும் மறக்காமல் எடுத்துவாருங்கள், உங்கள் முதல் ஆல்பத்தின் கருவிவாரியாகப் பிரிக்கப்பட்ட ஒலிப்பதிவுகள் யாரிடமாவது இருந்தால் அவற்றையும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் குமிழைத் திருப்பினால், "கோபம் கம்மி" எந்த இடத்தில் ஒட்டியிருந்தது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். மாஸ்கிங் டேப் என்னிடம் இருக்கிறது.